ரிட்டையர் ஆன புல்லட் ரயிலை என்ன செய்யலாம்?

ஹாஸ்டல்ல ஒரு நாள் ராத்திரி இந்த விவாதம் வந்தது. ஜப்பான்காரங்க ஒரு புல்லட் ரயிலைப் பதினைந்து, இருபது வருஷத்துல ஓரங்கட்டிடறாங்க. அதைக் காயலான் கடை விலைக்கு வாங்கி வந்து சென்னை–கோவை ஓட்டினா என்ன? நீங்களும் ஒரு தடவையாவது இப்படி யோசித்திருப்பீர்கள். தப்பான கேள்வி இல்லை. ஜப்பானின் பழைய லோக்கல் ரயில்கள் நூற்றுக்கணக்கில் ஜகார்த்தாவில் ஓடியிருக்கின்றன. அங்கேயும் 1,067 மி.மீ. பாதை, 1,500 வோல்ட் டிசி. இறக்கி வைத்துக் கொஞ்சம் மாற்றினால் ஓடும்.

ஷின்கான்சென் கதை வேறு. அதன் பாதை 1,435 மி.மீ., நம்முடையது 1,676. போகி மாற்றினால் போச்சு என்பீர்கள். பெட்டியின் அகலம் 3.38 மீட்டர், நம் பெட்டிகளைவிட அதிகம். அதன் பிளாட்பாரம் 1.25 மீட்டர் உயரம், நம்முடையது 84 செ.மீ.தான். டோக்கியோ–ஒசாகா பாதையில் மின்சாரம் 25 கிலோவோல்ட்தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ். இதையெல்லாம் காசு போட்டுச் சரி பண்ணினாலும் ஒன்று மிஞ்சும். ஷின்கான்சென் பாதையில் லெவல் கிராஸிங் கிடையாது, மாடு குறுக்கே வராது. அதை நம்பித்தான் உடலை அவ்வளவு லேசாகக் கட்டியிருக்கிறார்கள். நம்ம ஊர்ல மாடு மோதி வந்தே பாரத் ரயிலின் மூக்கு உடைந்த படங்களை எல்லோரும் பார்த்ததுதானே.

சரி, ஏன் இவ்வளவு சீக்கிரம் கழிக்கிறார்கள்? மெட்டீரியல்ஸ் கிளாஸ்ல ஃபட்டீக் நடத்தும்போது விமானத்தைத்தான் உதாரணம் சொல்வார்கள். இந்த ரயிலையும் சொல்லலாம். வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும்போது வெளியே காற்றழுத்தம் சட்டென்று மாறும். பயணிகளுக்குக் காது அடைக்கக் கூடாது என்று பெட்டியைக் காற்றுப் புகாமல் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சுரங்கத்திலும் உடல் கொஞ்சம் அமுங்கி, கொஞ்சம் விரியும். ஒரு நாளைக்கு எத்தனை சுரங்கம், எத்தனை தடவை, கணக்குப் போட்டுப் பாருங்கள். 1964-ல் ஓட ஆரம்பித்த 0 சீரிஸ் ரயில்களை 20 வருஷத்துக்கு என்று நினைத்துக் கட்டினார்கள். 15 வருஷம் தாண்டியதுமே களைப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. புதுசாக அதே மாதிரிப் பெட்டிகளைக் கட்டி மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அந்த சீரிஸ் 2008 வரை தாக்குப்பிடித்தது.

மியூசியம்? அது ஒன்றிரண்டு பெட்டிக்குத்தான். 0 சீரிஸின் ஒரு முகப்புப் பெட்டி 2001-ல் இங்கிலாந்தின் யார்க் ரயில்வே மியூசியத்துக்குப் போனது. பழைய ஈ3 ரயில் ஒன்றை, உள்ளே வெந்நீரில் கால் நனைத்தபடி வேடிக்கை பார்க்கும் சுற்றுலா ரயிலாக மாற்றி 2014 முதல் 2022 வரை ஓட்டினார்கள். இத்தாலியில் 2018-ல் ஓர் அதிவேக ரயிலின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு பார்சல் ஏற்றினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு இதெல்லாம் பதில் ஆகாது.

உண்மையான பதில் உலோகத்தில் இருக்கிறது. 0 சீரிஸ் எஃகு. பின்னால் வந்தவை பெரும்பாலும் அலுமினியம். கையில் கால்குலேட்டர் எடுங்கள். 16 பெட்டி கொண்ட 700 சீரிஸ் ரயில் சுமார் 700 டன். அதில் பெட்டிக்கு 6 டன் அலுமினியம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், நீங்கள் மாற்றிப் போட்டுப் பாருங்கள்). மொத்தம் 96 டன். தாதுவிலிருந்து ஒரு டன் அலுமினியம் எடுக்க, மின்பகுப்புக்கு மட்டும் சுமார் 14,000 யூனிட் மின்சாரம். பழையதை உருக்கினால் கிட்டத்தட்ட 5 சதவீத ஆற்றல் போதும். மிச்சம் ஏறக்குறைய 12.7 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடுகள் 500-க்கு மேல், ஒரு வருஷம் முழுக்க!

இதில் ஒரு சிக்கல். அலுமினியம் என்பது ஒரே சரக்கு இல்லை. சிலிக்கான், மெக்னீசியம், துத்தநாகம் என்று ஒவ்வொரு அலாயிலும் கலவை வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி உருக்கினால் தரம் இறங்கும். இன்ஜின் வார்ப்புக்கு ஆகும், மறுபடி ரயிலுக்கு ஆகாது. அதனால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் லேசர் அடித்து, கிளம்பும் பொறியின் நிறமாலையைப் படித்து அலாய் வாரியாகப் பிரிக்கிறார்கள். நாம இன்ஸ்ட்ருமென்டேஷன் லேப்ல மனப்பாடம் பண்ணி எழுதிய அதே ஸ்பெக்ட்ராஸ்கோபிதான். 2020-ல் டோக்கைடோ பாதையிலிருந்து விடைபெற்ற 700 சீரிஸின் அலுமினியம், டோக்கியோ ஸ்டேஷனில் ஒரு கடைவளாகத்தின் அலங்காரத்தில் இருக்கிறது. புது என்700எஸ் ரயிலின் உட்புறப் பாகங்களிலும் பழைய ரயிலின் அலுமினியம் இருக்கிறது.

வயசாகாமலே கழிக்கப்பட்டவையும் உண்டு. 2019 அக்டோபர் புயலில் நாகானோ டிப்போவுக்குள் வெள்ளம் புகுந்து 10 ரயில்கள், 120 பெட்டிகள் மூழ்கின. அந்த மாடல் ஓட ஆரம்பித்தே ஐந்து வருஷம்தான். இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தரைக்கு அடியில் இருப்பவை. பத்தையும் கழித்துவிட்டார்கள்.

நம்ம விவாதத்துக்கே வருகிறேன். முழு ரயில் வேண்டாம். ஒரு போகி, ஒரு டிராக்‌ஷன் மோட்டார், ஒரு பான்டோகிராஃப் கிடைத்தால் போதும். பிரிட்டனில் கழித்த யூரோஸ்டார் பவர் கார்களை அதிவேக ரயில் பயிற்சிக் கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார்கள், பசங்க கழற்றிப் பழக. நம் மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னால் ஷெட் ஒன்று காலியாகத்தான் கிடக்கிறது.