லேபிளைப் படிக்காத பையன்கள்

அன்புள்ள தம்பிக்கு,

"கலப்படம் இல்லாத கம்பெனி இருமல் சிரப்தானே, ஐயா, போதைக்குக் குடித்தால் என்ன ஆபத்து?" என்று கேட்டிருந்தாய். திருப்பதியில் உன்னோடு இன்டர்மீடியட் படிக்கும் பையன்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பைக் குடித்து 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சோதித்த மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம். அது கலப்படத்தின் கேடு. அதனால் ஒழுங்காகத் தயாரித்த சிரப்பை எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாதா?

கோரெக்ஸ் என்ற இருமல் சிரப் பைசர் கம்பெனிச் சரக்கு. அதன் 5 மி.லி.யில் கோடீன் 10 மி.கி., குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து 4 மி.கி. இருந்தன. பையன்கள் போதைக்காகத் தேடியது கோடீனை. ஆனால் 100 மி.லி. பாட்டிலைக் கவிழ்த்தால் குளோர்பெனிரமினும் 80 மி.கி. உள்ளே போகும். பெரியவர்களுக்கே நாளுக்கு 24 மி.கி.தான் வரம்பு. மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், சிறுநீர் அடைக்கும், வலிப்பும் வரலாம். கணிதம் உள்ள எம்.பி.சி. குரூப் எடுத்தவனுக்கு இந்தப் பெருக்கல் கூடவா வராது?

கோடீனின் கதையே தனி. பிரெஞ்சு வேதியியலாளர் ராபிகே 1832-இல் அதை அபினிலிருந்து பிரித்தெடுத்தார். அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் மார்ஃபினாக்குகிறது. அந்த வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். நண்பன் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறான் என்பது உனக்குச் செல்லாது. இருமலை ஆளும் நரம்புகளும் மூச்சை ஆளும் நரம்புகளும் முகுளத்தில் அக்கம்பக்கம். இருமலை அடக்க வந்தது, அளவு மீறினால் மூச்சையும் அடக்கிவிடும்.

மருந்துகளின் வரலாற்றைப் புரட்டினால் இன்னொரு வேடிக்கை. பேயர் கம்பெனி 1898-இல் இருமலுக்கென்று சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கின் பெயர் ஹெராயின்! கம்பெனி முத்திரைக்கு என்ன மதிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோரெக்ஸில் இருந்த அந்தக் கூட்டு மருந்தை அரசு 2016 மார்ச்சில் தடைசெய்தது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2023 ஜூனில் மறுபடி தடை. வழக்கு இழுத்த ஏழு வருஷமும் கோடீனின் குணம் மாறவில்லை. கோடீனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள சிரப் சாது என்றும் நினைக்காதே. அளவு மிஞ்சினால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், தன் உடம்பே தனக்கு அந்நியமாகும்.

யாராவது குடித்துவிட்டு எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், காலி பாட்டிலை டாக்டரிடம் காட்டுங்கள். பழக்கத்திலிருந்து மீள நினைப்பவனுக்கு 14446 என்ற இலவச எண்ணைக் கொடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்