துன்பத்திடையே நன்றி மறவாமை



இன்பத்தை வேண்டாத உயிர் இல்லை. ஆயினும் நாம் அதனைப் புறப்பொருளிலேயே தேடுகின்றோம். விளைச்சல் பெருகினால் இன்பம், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் இன்பம் என்று எண்ணுகின்றோம். மழை பொய்த்த ஆண்டிலும், நோயுற்ற நாளிலும் அவ்வின்பம் நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது. நீங்காத இன்பம் ஒன்று உண்டா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயும் பொருள்.

துன்பம் வருவது அசாதா வேதநீய வினையின் உதயத்தால் என்பது ஆகமம். தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயம், அவ்வினை வந்து சேரும் வாயில்களுள், பிறரை வருத்துதலோடு தானே சோகித்துப் புலம்புதலையும் சேர்த்துரைக்கின்றது. எனவே, வந்த துன்பம் பழவினையின் பயன். ஓயாத புலம்பலோ புதுவினையின் வித்து. 9-ஆம் அத்தியாயம், நெறியினின்று வழுவாமைக்கும் வினை உதிர்வதற்கும் 22 பரீஷகங்களையும் பொறுத்தல் வேண்டும் என்கின்றது. இது முனிவர்க்குரியதேனும், இல்லறத்தாரும் தம் ஆற்றலுக்கேற்பப் பயிலத்தக்கதே.

பொறுமைக்கு உரம் எங்கிருந்து வருகின்றது? உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுவன என்று அந்நூலின் 5-ஆம் அத்தியாயம் கூறுகின்றது. துன்பத்தின் நடுவிலும் எவரோ ஒருவர் நமக்கு உதவியே வருகின்றார். அவ்வுதவியைக் காணும் கண்ணே நன்றியுணர்வு.

சீவக சிந்தாமணியில் வரும் விசயமாதேவியை எண்ணிப் பார்ப்போம். அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சனையால் கணவன் சச்சந்தனையும் நாட்டையும் இழந்து, மயிற்பொறியில் ஏறிச் சென்று, சுடுகாட்டில் மகனைப் பெற்றாள். பெற்ற மகனையும் கந்துக்கடன் என்னும் வணிகன் எடுத்துச் செல்ல விட்டுக்கொடுத்து, தவப்பள்ளியில் நோன்பிருந்து காலங்கழித்தாள். பின்னர்ச் சீவகன் அரசு எய்தியபோது அவள் செய்தது யாது? தன்னைக் காத்த மயிற்பொறியையும், தோழி வடிவில் வந்து உதவிய தெய்வத்தையும் நினைந்து போற்றினாள். தன் துயருக்கெல்லாம் சாட்சியாயிருந்த சுடுகாட்டையே அறம் விளங்கும் இடமாக்கி, குழந்தைகளுக்குப் பாலுணவு கிடைக்கச் செய்தாள். அதன் பின்னரே துறவு பூண்டாள்.

இங்கு ஒன்றை நாம் தெளிதல் வேண்டும். விசயை கட்டியங்காரனுக்கு நன்றி பாராட்டவில்லை. இழந்த அரசை மீட்க மகனுக்கு வழியும் கூறினாள். தீமையை நன்மையென்று கொள்வது நன்றியன்று. தீமைக்கிடையே செய்யப்பெற்ற நன்மையை மறவாமையே நன்றி. ஆதலின், துயருற்றவரிடம் சென்று, "உன் வினை, நீ அனுபவி" என்று கூறி ஒதுங்குதல் அறமாகாது. அவர் துயரில் உதவும் கையாக நாம் இருத்தலே அறம்.

இல்லந்தோறும் இதனைப் பயிலலாம். மாலையில் பஞ்ச நமஸ்காரம் ஓதியபின், அன்று நமக்கு உதவிய ஒருவரைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் நினைந்து கூறுக. உழுதவர், மருந்து கொடுத்தவர், அடுப்படியில் நின்ற தாய் என எவராயினும் ஆகுக. இயன்றபோது அவர்க்கோ, அவரைப் போன்ற பிறர்க்கோ ஓர் உதவி செய்க.

வினை தரும் துன்பத்தை நாம் விலக்க இயலாமற் போகலாம். அதனை எவ்வாறு ஏற்பது என்பது நம்மிடமே உள்ளது. அவ்வாறு ஏற்ற உள்ளத்தில் பிறக்கும் அமைதியே, விளைச்சலோடு வந்து வறட்சியோடு போகாத இன்பம்.

அறம் வளர்க!