மலை வானிலையும் பனிச்சறுக்கும்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடர் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. குளிர்காலத்தில் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்குத் திரண்டு வருகின்றனர். அவர்களுள் அனுபவம் மிக்கவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானிலை அறிக்கையைத்தான். மலையில் வானிலை சில மணி நேரத்திற்குள் முற்றிலும் மாறிவிடக்கூடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும். பொதுவாக, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே, அடிவாரத்தில் 2 டிகிரி இருக்கும்போது, அதைவிட 1500 மீட்டர் உயரமான இடத்தில் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 8 டிகிரி இருக்கும். காற்று வீசினால் குளிரின் கடுமை மேலும் கூடும். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடல் அதனை உறைநிலைக்குக் கீழே 21 டிகிரியாக உணரும். இதனால், சறுக்குவோர் மூன்று அடுக்குகளாக உடை அணிகின்றனர். உள்ளாடை வியர்வையை வெளியேற்றும். நடு அடுக்கு உடற்சூட்டைக் காக்கும். வெளியாடை காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். பருத்தி ஆடை நனைந்தால் எளிதில் உலராது. அதனால் அதனைத் தவிர்ப்பர்.

பனியின் தன்மையையும் வானிலையே முடிவு செய்கிறது. கடுங்குளிரில் பொழியும் புதுப்பனி மாவுபோல் மென்மையாக இருக்கும். வெயிலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, மறுநாள் காலையில் வழுக்கும் பனிக்கட்டியாகிவிடும். மேகம் சூழ்ந்த நாளில் பனியின்மீது நிழல் விழாது. மேடுபள்ளங்கள் கண்ணுக்குப் புலப்படாமல் பலர் தடுமாறி விழுகின்றனர். வெயில் நாளிலும் ஆபத்து உண்டு. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால், பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவரின் கண்கள் பாதிக்கப்படும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது பனிச்சரிவு. காற்று அள்ளி வந்து குவிக்கும் பனி, வலுவற்ற பழைய பனியடுக்கின்மேல் பலகைபோல் படிந்துவிடும். செங்குத்தான சரிவில் ஒருவர் அதன்மேல் சறுக்கினால்கூட அது உடைந்து பெயர்ந்து வரலாம். 1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பல நாள் தொடர்ந்த பனிப்பொழிவுக்குப் பிறகு, ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தைப் பெரும் பனிச்சரிவு தாக்கியது. அதில் 31 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய இழப்புகளைத் தடுக்க, ஆல்ப்ஸ் நாடுகளில் குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரிலுள்ள ஆய்வுக்கழகம் இப்பணியைச் செய்கிறது. அபாயம் 5 நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் நிலை நடுவில் இருப்பதால் அது மிதமானது என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில், உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்நிலையில்தான் நேர்கிறது. குறிக்கப்பட்ட தடங்களைவிட்டு வெளியே செல்வோர், இருப்பிடம் காட்டும் கருவி, பனியைத் துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். புதையுண்டவரை முதல் சில நிமிடங்களுக்குள் மீட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எனவே, அவற்றைப் பயன்படுத்த முன்கூட்டியே பயிற்சி பெறுவதும் இன்றியமையாதது.

நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவருக்கு, வானிலை சரியில்லை என்பதற்காகத் திரும்பிச் செல்வது எளிதன்று. செலவழித்த பணமும் உடன் வந்த நண்பர்களின் ஆர்வமும் அவரை முன்னே தள்ளும். அந்த நேரத்திலும் எச்சரிக்கையை மதித்துத் திரும்புபவரே சிறந்த பனிச்சறுக்கு வீரர். மலை அடுத்த நாளும் அங்கேயே இருக்கும்.