உணவுக் கொழுப்பமிலங்களும் ஈரற் கலமும்

கொழுப்பு மூலக்கூறு ஒன்று ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பமிலங்களும் சேர்ந்து ஆனது. கொழுப்பமிலத்தின் காபன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் இருப்பின் அது நிரம்பிய கொழுப்பமிலம் எனவும், இரட்டைப் பிணைப்பு இருப்பின் நிரம்பாத கொழுப்பமிலம் எனவும் அழைக்கப்படும். பாம் எண்ணெயில் மிகுதியாக உள்ள பாமிற்றிக் அமிலம் நிரம்பியது. சூரியகாந்தி எண்ணெயின் லினோலெயிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. நுவரெலியாவில் குளிர்காலைகளில் தேங்காயெண்ணெய் உறைய, நல்லெண்ணெய் உறையாதிருப்பதும் இவ்வேறுபாட்டினாலேயே.

சிறுகுடலில் சமிபாடடைந்த நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் சடைமுளையின் நிணநீர்க் கலன் வழியே குருதியைச் சேரும். 8, 10 காபன் கொண்டவை பெரும்பாலும் ஈரல் வாயிநாளத்தினூடாக நேரே ஈரலை அடையும். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ அரைப்பங்கான லோரிக் அமிலம் 12 காபன் கொண்டது. அதன் பெரும்பகுதி நிணநீர் வழியே செல்கிறது. எனவே "தேங்காயெண்ணெய் முழுவதும் நேரே ஈரலுக்குச் சென்று எரிந்துவிடும்" எனச் சிலர் சொல்வது பிழை.

ஈரற் கலத்தை அடைந்த கொழுப்பமிலம் இழைமணியில் ஒட்சியேற்றப்பட்டுச் சக்தியைத் தரலாம். மீண்டும் கொழுப்பாகிப் புரதத்துடன் சேர்ந்து குருதிக்கு அனுப்பப்படலாம். அல்லது சிறு துளிகளாகக் கலத்தினுள்ளேயே தேங்கலாம். தேக்கம் மிகும் நிலையே கொழுப்பு ஈரல் ஆகும். மிகையாக உண்ணும் சீனியையும் ஈரல் கொழுப்பமிலமாக மாற்றும். அவ்வாறு உண்டாவதும் பிரதானமாகப் பாமிற்றிக் அமிலமே. எண்ணெய்ப் பண்டமே உண்ணாதவருக்கும் இந்நோய் வருவதன் காரணத்தை இங்கு காண்க. சாளை போன்ற மீன்களிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் கொழுப்பை ஆக்கும் நொதியங்களின் உற்பத்தியைக் குறைத்து, ஒட்சியேற்றத்தைத் தூண்டும்.

மாதிரி வினா

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட பரிசோதனையில், சாதாரண உடல் நிறையுடைய 39 இளவயதினர் 7 வாரங்கள் வழமையான உணவுக்கு மேலதிகமாக மஃபின் கேக் உண்டனர். ஒரு குழுவின் கேக்கில் பாம் எண்ணெயும் மற்றதில் சூரியகாந்தி எண்ணெயும் சேர்க்கப்பட்டிருந்தன. இரு குழுவினரும் சராசரியாக 1.6 கிலோகிராம் நிறை கூடினர். ஆனால் ஈரற் கொழுப்பு பாம் எண்ணெய்க் குழுவிலேயே தெளிவாக அதிகரித்தது.

(அ) சாரா மாறி யாது?
(ஆ) நிறை அதிகரிப்பு சமமாக இருந்தது ஏன்?
(இ) தேவைக்கு மேல் உண்ணாத ஒருவருக்கும் இம்முடிவு பொருந்தும் எனக் கூறலாமா?

விடை

(அ) கேக்கிலுள்ள எண்ணெயின் வகை. "கேக்" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது.

(ஆ) எவ்வகை எண்ணெயாயினும் 1 கிராம் கொழுப்பு ஏறத்தாழ 38 கிலோ யூல் சக்தியைத் தரும். நிரம்பிய கொழுப்பில் சக்தி அதிகம் என எழுதுவது மாணவர் வழமையாக விடும் தவறு. வேறுபடுவது, அக்கொழுப்பு உடலில் எங்கே தேங்குகிறது என்பதே.

(இ) கூறமுடியாது. பங்குபற்றிய அனைவரும் தேவைக்கு மேலதிகமாக உண்டவர்கள்.