ஒரே கணினி, இரண்டு இயங்குதளங்கள்

கணினியைத் திறந்தவுடன் திரை, விசைப்பலகை, நினைவகம், கோப்புகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைத்து இயக்கும் மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகியவை பலரும் அறிந்த இயங்குதளங்கள். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, தேவைக்கேற்ப ஒன்றைத் தெரிவு செய்து இயக்குவதை இரட்டை இயக்கம் என்பர்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட சில பாதுகாப்பு வசதிகளைக் கொண்ட கணினிகளை மட்டுமே ஏற்கிறது. அதனால், நன்றாக வேலை செய்யும் பல பழைய கணினிகள் அதற்குத் தகுதி பெறவில்லை. பேராக் மாநிலத்தின் ஈப்போ, தஞ்சோங் ரம்புத்தான் முதலிய ஊர்களில் அக்காளோ அண்ணனோ பயன்படுத்திய மடிக்கணினி தம்பி தங்கையருக்கு வந்து சேர்வது இயல்பு. பழையது என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டுமா? இரட்டை இயக்கம் இக்கேள்விக்கு ஒரு விடையாகும். இணையப் பணிகளைப் புதிய லினக்ஸில் செய்யலாம். விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளுக்குப் பழைய தளத்தை வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கினார். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற அதன் வடிவங்களை இலவசமாகப் பதிவிறக்கலாம். தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டு அவற்றில் தமிழிலும் தட்டச்சு செய்யலாம். மலேசிய அரசும் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிமுகப்படுத்தியது.

இரட்டை இயக்கம் மாணவர்களின் கைக்கு ஏற்கனவே வந்த ஒன்றுதான். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. கணினியைத் திறக்கும்போது எதை இயக்குவது என்பதை மாணவரே முடிவு செய்யலாம்.

இரண்டு தளங்கள் ஒரே கணினியில் எவ்வாறு இருக்க முடியும்? பழைய இரப்பர்த் தோட்டங்களின் லயங்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நீண்ட ஒரே கூரை; நடுவே சுவர்கள்; சுவருக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் இன்னொரு குடும்பம். அதுபோல, கணினியின் சேமிப்பகத்தையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒரு பகுதியில் விண்டோஸும் மற்றொன்றில் லினக்ஸும் குடியிருக்கும். கணினியைத் திறந்தவுடன் 'கிரப்' எனும் தொடக்க மென்பொருள் ஒரு பட்டியலைக் காட்டும். தண்டவாளம் பிரியும் இடத்தில் இரயிலைத் தடம் மாற்றும் கருவியைப் போல, அது நாம் தெரிவு செய்த தளத்திற்குக் கணினியைச் செலுத்தும். ஒரு நேரத்தில் ஒரு தளம் மட்டுமே இயங்கும்.

சுவர் எழுப்பும்போது வீட்டுப் பொருள் சேதமாகக்கூடாது. ஆகவே, முதல் வேலை நகலெடுப்பதாகும். பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள் ஆகிய அனைத்தையும் வெளிச் சேமிப்புக் கருவி ஒன்றில் பதிவு செய்து, அவை திறக்கின்றனவா என்றும் சரிபார்க்க வேண்டும். விண்டோஸின் சேமிப்பகம் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை முடக்குவதும் அவசியம். அவ்வசதி இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. அந்நிலையில் அதன் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் கெடக்கூடும்.

பின்னர், விண்டோஸிலேயே அதன் பகுதியைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வேண்டும். உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிகாபைட் தேவை. இருமடங்கு ஒதுக்கினால் நெருக்கடி இராது. லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி, அதன்வழி கணினியைத் தொடங்கலாம். நிறுவுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. அருகலை, ஒலி, விசைப்பலகை ஆகியவை இயங்குகின்றனவா என அப்போதே பார்த்துவிடலாம்.

நிறுவும்போது இரண்டு தெரிவுகள் அருகருகே தோன்றும். ஒன்று, 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பது. மற்றொன்று, 'சேமிப்பகம் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்பது. இரண்டாவதை அவசரத்தில் அழுத்தினால், பல ஆண்டுச் சேமிப்பும் சில நிமிடங்களில் மறைந்துவிடும். எனவே, படித்து, புரிந்து, பெரியவர் ஒருவரிடமும் காட்டிய பின்னரே அழுத்துதல் நன்று.

நிறுவிய பிறகு ஒரு வேடிக்கையையும் காணலாம். லினக்ஸில் பிற்பகல் மணி 3.00 என்றிருக்க, விண்டோஸில் காலை மணி 7.00 என்று காட்டக்கூடும். கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தைப் பதிகிறது; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருப்பதால் இந்த வேறுபாடு தோன்றுகிறது. லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் இது சரியாகிவிடும்.

இரண்டு மொழி அறிந்தவருக்கு இரண்டு உலகங்கள் திறக்கின்றன. இரண்டு இயங்குதளங்களை அறிந்த மாணவரோ, ஒன்றில் வழி அடைபட்டாலும் மற்றொன்றில் தம் பணியைத் தொடர்கிறார். கணினி தரும் வசதியை மட்டும் நுகராமல், அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும் அவர் அறிந்துகொள்கிறார்.

வினாக்கள்

1. இரட்டை இயக்கம் என்றால் என்ன?
2. விரைவுத் தொடக்க வசதியை ஏன் முடக்க வேண்டும்?
3. லயம், தண்டவாளம் ஆகிய இரண்டு உவமைகளும் எவற்றை விளக்குகின்றன?
4. பழைய கணினியைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துவதால் குடும்பத்திற்கும் சுற்றுச்சூழலுக்கும் விளையும் நன்மைகள் யாவை? உம் கருத்தை எழுதுக.