சிறிய படங்கள், பெரிய கேள்விகள்

மாணவர்களே, மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு தமிழ்ப் படங்களால் மும்பைத் தமிழரிடையே பெயர்பெற்றது. நம் தாராவியும் ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய பெரும்படங்களுக்குக் களமாயிற்று. அவற்றில் மக்களைக் காக்க ஒரு தலைவன் உண்டு. அத்தகைய நாயகனோ பெரும் பொருட்செலவோ இன்றி, எளிய மனிதரையே கதையாக்கும் சிறு படங்களும் உள்ளன. அவற்றுள் மூன்றனைக் காண்போம்.

உணர்ச்சிக் கதை: ‘கூழாங்கல்’, பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய முதல் படம். பிரிந்து சென்ற தாயை அழைத்துவரத் தந்தையும் மகனும் புறப்படுகின்றனர்; திரும்புகையில் கொடும் வெயிலில் நடக்கின்றனர். தாகம் தாங்க வாயில் அடக்கிய கூழாங்கல்லைச் சிறுவன் வீட்டில் சேர்த்து வைக்கிறான். அங்கே முன்பே பல கற்கள்! இந்நடை முதன்முறையன்று என்பதை வசனமின்றியே உணர்கிறோம். இப்படம் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது.

மர்மக் கதை: மணிகண்டன் இயக்கிய ‘குற்றமே தண்டனை’ (2016). பார்வை குறுகிவரும் ஒருவன், ஒரு பெண்ணின் கொலை பற்றி அறிந்ததைச் சிகிச்சைப் பணத்திற்காக மறைக்கிறான். கொன்றவர் யார் என்பதோடு, கண்டவன் மௌனம் காப்பது முறையா என்றும் படம் வினவுகிறது.

அவல நகைச்சுவை: துன்பத்தினூடே சிரிக்க வைப்பது இது. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) இதற்குச் சான்று. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர் கரி பொறுக்கிப் பணம் சேர்த்துப் பீட்சா உண்ணச் செல்கின்றனர். கடையில் அடித்து விரட்டப்படுகின்றனர். அந்த அடியையும் காசாக்கச் சிலர் பேரம் பேசுகின்றனர். நாம் சிரிக்கிறோம், ஆனால் ஏழ்மையைக் கண்டன்று, அதை விலைபேசுவோரைக் கண்டு. சிறந்த சிறுவர் படத்திற்கான தேசிய விருதை இது வென்றது.

தாராவியின் குறுகிய சந்துகளைக் காட்டிப் பிறர் இரக்கம் தேடலாம். அங்கு வாழ்வோரின் மானத்தையும் காட்டுவதே நல்ல படம். ஒரு படத்தைக் காணும்போது, ‘யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?’ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

சொற்பொருள்
களம் – கதை நிகழும் இடம்
அவலம் – துன்பம்
மானம் – தன்மதிப்பு

வினாக்கள்
1. சிறுவன் சேர்த்த கற்கள் உணர்த்துவது யாது?
2. ‘கண்டவன் மௌனம் காப்பது முறையா?’ உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. பிரித்து எழுதுக: துன்பத்தினூடே, முதன்முறையன்று.

செயல்பாடு
உம் தெருவில் நாள்தோறும் காணும் ஒருவரைப் பற்றி, வசனமே இல்லாத ஒரு காட்சியை ஐந்து தொடர்களில் எழுதுக.