காந்தளின் பெயர்களும் நச்சுத்தன்மையும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், சங்கப் பாடல்களில் மகளிர் விரலுக்கு உவமையாகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வேலனின் வெறியாட்டோடு இணைத்துச் சுட்டப்படுகிறது. வழக்கிலுள்ள பெயர்களுள் 'கலப்பைக்கிழங்கு' கிழங்கின் வடிவையும், 'கார்த்திகைப்பூ' மலரும் பருவத்தையும் உணர்த்துகின்றன. சித்த மருத்துவம் இக்கிழங்கை முறைப்படி சுத்தி செய்த பின்னரே மருந்தாக ஏற்கிறது. கிழங்கிலும் விதையிலும் அமைந்துள்ள கோல்சிசின், கவுட் எனும் மூட்டு நோய்க்கு மருந்து. அளவு மீறின் உயிர்க்கொல்லி. எனினும் மேற்கண்ட பெயர்கள் நஞ்சை உணர்த்தவில்லை. மாறாக, 'கிழங்கு' என்னும் சொல் உணவையே நினைவூட்டுகிறது. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி உண்டு மாண்டோரும் உளர். ஆகவே அகராதிகளும் மூலிகைத் தொகுப்புகளும் இதன் ஒவ்வொரு பெயரோடும் நச்சுத்தன்மையைச் சேர்த்துப் பதிவு செய்தல் இன்றியமையாதது.